கறுப்படித்த டெயில் லைட்டும் அம்மாவின் கண்ணும்

கார் வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதன் டெயில் லைட்டுகள் எனக்குப் பிடிக்காமல் போய்விட்டன. ஏழு வருடம் யாரிடமோ ஓடிய வெள்ளைக் கார் அது. எங்கள் வீட்டில் அதற்கு முன் யாரும் கார் வைத்திருந்ததில்லை. தாத்தா காலம்வரை அடுத்தவர் நிலத்துக்குக் கூலி வேலைக்குப் போன குடும்பம். அம்மா பதினாறு வயதில் எங்கள் ஊர்க் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் சேர்ந்தவள், இன்னும் அங்கேதான் இருக்கிறாள். புடவைக்குப் பொருத்தமான பிளவுஸ் துணி எடுத்துத் தருகிற பகுதி அவளுடையது. அப்பா இறந்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில், கார்களுக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டிச் சேர்க்கும் வேலையில் எட்டு வருடமாக இருக்கிறேன்.

ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது பார்க்கிங்கில் ஒரு காரைப் பார்த்தேன். அதன் டெயில் லைட்டுகள் முழுக் கறுப்பாக இருந்தன. ஓட்டுகிறவர் பிரேக்கில் கால் வைத்ததும் அந்தக் கறுப்புக்கு உள்ளேயிருந்து ஒரு சிவப்பு எழுந்தது. அணைந்த அடுப்புக்கரியை ஊதினால் உள்ளே கனன்று வருமே, அப்படி. கால் எடுத்ததும் மறுபடி கறுப்பு. கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு அந்தக் கார் கேட்டைத் தாண்டும் வரை நின்று பார்த்தேன்.

அதன்பின் போனில் இதே வேலையாகப் போனது. வீட்டிலேயே ஸ்ப்ரே அடிக்கிற வீடியோக்களை எத்தனை பார்த்திருப்பேனோ தெரியாது. கடைசியில் ஒரு சனிக்கிழமை, கார் பெயிண்ட் சாமான் விற்கிற பாய் கடைக்குப் போய் டெயில் லைட்டுக்கு அடிக்கிற புகைக் கறுப்பு ஸ்ப்ரே டப்பா ஒன்று கேட்டேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"வூட்லயே அடிக்கப் போறியாமா?"

"ஆமா பாய்."

"அடி. ஆனா ரெண்டு கோட்டு, மிஞ்சிப்போனா மூணு. அதுக்கு மேல போவாத. செகப்பு செத்துப்போயிடும். போலீஸ்காரன் கண்ணுலயும் பட்டுடாத."

தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிக்கியைத் திறந்து உள்பக்கமிருந்த போல்ட்டுகளைக் கழற்றினேன். ஒயர் இணைப்பை எடுத்ததும் விளக்கு முழுதாகக் கைக்கு வந்துவிட்டது. அதை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை. வெயிலில் பிடித்தபோதுதான் தெரிந்தது, அந்தச் சிவப்புப் பிளாஸ்டிக் வெறும் மூடி இல்லை. உள்பக்கம் முழுக்கச் சின்னச் சின்னக் கூம்புகள், ஒன்றோடொன்று ஒட்டி, வரிசை பிசகாமல். ஒவ்வொன்றும் வெயிலை வாங்கி ஒவ்வொரு பக்கம் எறிந்தது. விளக்கைக் கொஞ்சம் திருப்பினால் என் கை, சட்டை, மாடிச் சுவர் எல்லாவற்றிலும் சிவப்புப் புள்ளிகள் ஓடின. யாரோ ஒருவர், நான் போகவே போகாத ஒரு ஊரில் உட்கார்ந்து, பின்னால் வருகிறவனுக்கு எந்தக் கோணத்திலும் இந்த வெளிச்சம் தெரிய வேண்டும் என்று இதைக் கணக்குப் போட்டிருக்கிறார். அப்போது அதை அழகு என்று மட்டும்தான் நினைத்தேன்.

மொட்டைமாடியில் இரண்டு வாளிகளைக் கவிழ்த்து, மேலே பேப்பர் விரித்து விளக்குகளை வைத்தேன். சோப்புத் தண்ணீரில் கழுவி, வாட்டர் பேப்பர் என்கிற மெல்லிய உப்புத்தாளை நனைத்து நனைத்துத் தேய்த்தேன். பளபளப்பு போய் லென்ஸ் பனி மூடினது போல வெளுத்தது. அம்மா காபியோடு மேலே வந்தாள்.

"நல்லா இருந்தத ஏன்டி கெடுக்கற?"

"கெடுக்கலமா. பாரேன், எப்பிடி வருதுன்னு."

தண்ணீர்த் தொட்டியின் நிழலில், ஒரு அடி தள்ளிப் பிடித்து முதல் கோட் அடித்தேன். பெயிண்ட் என்று சொல்ல முடியாது, மூச்சுவிட்ட ஈரம் போலப் பட்டது. கால் மணி நேரம் காத்திருந்து இரண்டாவது. சிவப்பு அரக்கானது. மூன்றாவது கோட்டில் அரக்கு கருநாவலாகிப் போனது. அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் ஒரு நிறம் என் கண் முன்னால், என் கையால், ஆழமாகிக்கொண்டே போகும்போது நிறுத்த மனம் வரவில்லை. நான்காவது அடித்தேன். ஐந்தாவதும் அடித்தேன். கடைசியில் பளபளப்புக்கான கிளியர் கோட் அடித்ததும் லென்ஸ் ஒரு கிணறாகிவிட்டது. எட்டிப் பார்த்தேன். அதற்குள் மாடி முழுவதும் இருந்தது. துணிக்கொடி, தொட்டி, தூரத்துக் கோபுரம், மேகம், எல்லாம் விரல் நகம் அளவுக்குச் சுருங்கி, வளைந்து, ஈரமாக. உலகத்தையே அதற்குள் போட்டு மூடிவிட்டேன் என்று தோன்றியது. இதை நானா செய்தேன்?

அம்மா ஒரு விளக்கை எடுத்து முகத்துக்கு வெகு கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். "அரக்குப் பாவுல கறுப்பு ஊடை ஓட்டின மாரி இருக்குது" என்றாள். நீள நூல் ஒரு நிறம், குறுக்கு நூல் ஒரு நிறமாக நெய்த பட்டைச் சொல்கிறாள். அவளிடமிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

தாமல் என்ற ஊரில் சித்தி புது வீடு கட்டி முடித்திருந்தாள். விடிகாலையில் பால் காய்ச்சுகிறார்கள் என்பதால் முதல்நாளே சாமான்களைக் கொண்டுபோக வேண்டும். காரின் பின்சீட்டை மடக்கி, அடுப்பு, பாத்திரங்கள், மெத்தை என்று அடைத்ததில் அம்மாவுக்கு இடமில்லை. முன்சீட்டில் மிக்ஸியும் சாமி படமும்.

"நீ முன்னாடி போ. நான் ஸ்கூட்டில உன் பின்னாடியே வரேன். உன் வண்டிய பாத்துக்கினே வந்துடுவேன்" என்றாள் அம்மா.

கிளம்பும்போதே வெளிச்சம் இறங்கிவிட்டது. மழைக்காலம், தூறல் வேறு. ஹைவேயை விட்டு ஊருக்குள் திரும்பியதும் ஏரிப் பக்கமிருந்து ஈரக்காற்று அடித்தது. கண்ணாடியில் அம்மாவின் ஒற்றை ஹெட்லைட் தெரிந்துகொண்டே வந்தது. அது தெரிகிற வரைக்கும் எனக்குக் கவலையில்லை. திடீரென்று வலப்பக்கமிருந்து ஒரு எருமை ரோட்டில் ஏறியது. பிரேக்கை அழுத்தினேன். கார் நின்றது. எருமை என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்த நொடியில் பின்னால் 'டப்'பென்று ஒரு சத்தம், பிறகு ஏதோ தேய்கிற சத்தம்.

இறங்கி ஓடினேன். ஸ்கூட்டி சாய்ந்து கிடந்தது. அம்மா ரோட்டில் உட்கார்ந்து இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். ஹெல்மெட் இருந்தது. முட்டியில் ரத்தம்.

"அம்மா! இன்னாமா ஆச்சு?"

"நீ நின்னதே தெரியலடி" என்றாள். வலியைவிட ஆச்சரியம்தான் அந்தக் குரலில் இருந்தது. "போயிக்கினே இருக்கன்னு நெனச்சேன். லைட்டு எரிஞ்சுதா?"

"எரிஞ்சுதுமா" என்றேன்.

அது பொய் இல்லை. எரியத்தான் செய்தது. ஆனால் அதைச் சொன்ன நிமிடத்தில் எனக்குள் ஏதோ ஒன்று திரும்பி வேறு பக்கம் பார்த்துக்கொண்டது.

மணிக்கட்டில் சின்ன விரிசல் என்று மாவுக்கட்டுப் போட்டார்கள். பால் காய்ச்சிய வீட்டில் எல்லோரும் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்து ஒரே பேச்சாகப் பேசினார்கள். வயசாகுதே, கண்ணைக் காட்டணும், இனிமே எதுக்கு ஸ்கூட்டி. அம்மா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்திருந்தாள். எப்போதும் யாருக்கும் பதில் வைத்திருக்கிறவள். நானும் வாயைத் திறக்கவில்லை.

அந்த வாரமே கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டரம்மா விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு கண்லயும் புரை. வலது கண்ணுல நல்லா முத்திடுச்சு. லென்ஸ் மங்கிப்போனா இப்படித்தான், எல்லாமே பழுப்புத் துணி வழியா பாக்கற மாதிரி இருக்கும். நீலம், ஊதா எல்லாம் சரியாவே தெரிஞ்சிருக்காதே?" என்று கேட்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் மெதுவாகச் சொன்னாள்.

"ரெண்டு வருசமா இப்பிடித்தான்."

"ரெண்டு வருசமாவா? கடைல எப்பிடிமா சமாளிச்ச?"

"எந்தத் தட்டுல எந்தக் கலருன்னு மனப்பாடம். புடவைய மட்டும் வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துக்கினு போவேன். கூட வந்தவங்ககிட்ட பேச்சு குடுத்தா அவங்களே சொல்லுவாங்க, இந்த மயில் கழுத்துக்கு எடுங்க, இந்தக் கத்திரிப்பூவுக்கு எடுங்கன்னு. கலர் பேரு காதுல உழுந்தா போதும், கை தானா போயிடும். போன மாசம்தான் மாட்டிக்கினேன். நேவி புளூவுக்குக் கறுப்ப எடுத்துக் குடுத்துட்டேன். தட்ட யாரோ மாத்தி வச்சிருக்காங்க."

நூற்றுக்கணக்கான நிறங்கள். ஒரே நீலத்தில் மட்டும் பத்துப் பதினைந்து வகை. அவற்றை எல்லாம் பார்க்காமலே, தட்டின் உயரத்தையும் வரிசையையும் வைத்து, கல்யாணப் பெண்கள் முகம் சுளிக்காதபடி இரண்டு வருடம் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். ஒரே வீட்டில் இருந்த எனக்குத் தெரியவில்லை.

"இனிமே வண்டி எடுக்கமாட்டேன்டி" என்றாள். "உன் லைட்டே தெரியாதவ எவன் மேல போய் மோதுவனோ."

அன்று சாயங்காலம், ஆறரை மணி இருக்கும், தெருவில் நிறுத்தியிருந்த காருக்குப் போனேன். துணி உலர்த்தும் கொம்பை எடுத்து சீட்டுக்கும் பிரேக்குக்கும் நடுவில் முட்டுக் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போய் நின்றேன். என் சொந்தக் காரின் பிரேக் லைட்டை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஓட்டுகிறவளுக்கு அது தெரியவே தெரியாது. அது முழுக்க முழுக்கப் பின்னால் வருகிறவருக்கானது.

கிட்டத்தில் நின்றால் அந்தக் கனல் இருந்தது, பார்க்கிங்கில் என்னை மயக்கிய அதே கனல். பத்து அடி பின்னால் நடந்தேன். மங்கியது. இன்னும் இருபது அடி. எரிகிறது என்று தெரிந்த நானே அதைத் தேட வேண்டியிருந்தது. எங்கள் மாடலில் பின்கண்ணாடிக்கு மேலே மூன்றாவது விளக்கும் கிடையாது. தூறலும் இல்லை, என் கண்ணில் புரையும் இல்லை. தெருமுனைக்குப் போய் நின்றபோது கார் ஒரு வெள்ளைச் சுவர் போல இருந்தது, அதில் இரண்டு கறுப்பு ஓட்டைகள். அம்மாவுக்குப் பதில் ஒரு லாரி பின்னால் வந்திருந்தால் என்று யோசித்தேன். அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.

ஆனாலும் அன்று சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. எல்லோரும் அவள் கண்ணைத்தான் சொன்னார்கள், டாக்டரும் அதையே சொன்னார், அந்த நிழலில் ஒதுங்கிக்கொள்வது எளிதாக இருந்தது. இரண்டு வாரம் அப்படி ஓடியது. காரை எடுக்காமல் கம்பெனி பஸ்ஸிலேயே போய்வந்தேன். ஸ்கூட்டியை விற்க அம்மா ஆள் பார்க்கச் சொன்ன அன்றுதான் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விளக்குகளை மறுபடி கழற்றி மாடிக்கு எடுத்துப்போனேன். வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். தண்ணீர் மை போல ஓடியது. கொஞ்ச நேரத்தில் அம்மா, கட்டுப்போட்ட கையோடு படியேறி வந்தாள்.

"இப்போ இன்னாத்துக்கு அத தேய்க்கற?"

எழுந்து நின்றேன். "அம்மா, அன்னிக்கி உன் கண்ணு மட்டும் இல்ல. என் லைட்டே வெளிய தெரியல. ரெண்டு கோட்டு போதும்னு பாய் சொன்னாரு. நான் அஞ்சு அடிச்சேன். நானே பின்னாடி நின்னு பாத்தேன். எனக்கே தெரியல."

அம்மா கீழே ஓடிய கறுப்புத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்போ பாத்த?"

"ஆஸ்பத்திரி போன அன்னிக்கி."

"ரெண்டு வாரம்" என்றாள். "கை ஒடஞ்சதுக்கு நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஆனா ரெண்டு வாரமா, நான் ஒண்ணுத்துக்கும் ஒதவாதவளாயிட்டேன்னு அழுதுக்கினு கெடந்தேன். நீ பக்கத்துலயே சாப்டுக்கினு இருந்த."

அவள் இறங்கிப் போய்விட்டாள். நான்கு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு போட்டாள், போட்டுவிட்டு எழுந்துபோய்விடுவாள். ஐந்தாம் நாள் காலையில் நான் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது, "ரெண்டும்தான்டி. என் கண்ணும் உன் பெயிண்டும். தேச்சு முடி" என்றாள்.

தேய்த்து முடிக்க இன்னொரு ஞாயிறு ஆனது. அடிப்பதற்கு ஒரு காலைப்பொழுதுதான், எடுப்பதற்கு இரண்டு நாள். பாய் கடையில் மெருகேற்றுகிற காம்பவுண்ட் வாங்கி வந்து துணியால் வட்டமாகத் தேய்க்கத் தேய்க்க, வெளுத்துக் கிடந்த லென்ஸுக்குள் அந்தக் கூம்புகள் ஒவ்வொன்றாக வந்தன. ஓரத்தில் சில கீறல்கள் போகவில்லை. மாட்டிவிட்டு, சாயங்காலம் கொம்பை முட்டுக் கொடுத்துத் தெருமுனைக்குப் போய்த் திரும்பினேன். அங்கிருந்தே கண்ணில் அடித்தது. வெட்கமில்லாத, சத்தம் போடுகிற சிவப்பு. காரை வாங்கிய நாளில் அது இப்படித்தான் எரிந்திருக்கும், எனக்குத்தான் அது அழகாகத் தெரியவில்லை. எதிர்வீட்டு அக்கா, "ஏம்மா, எதுக்கு நடுரோட்ல நின்னுக்கினு சிரிக்கற?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

கைக்கட்டுப் பிரித்த மறுவாரம் அம்மாவுக்கு வலது கண்ணில் ஆபரேஷன். பழைய லென்ஸை எடுத்துவிட்டுப் புதிது வைத்தார்கள். மறுநாள் காலையில் நர்ஸ் கட்டை அவிழ்த்துச் சொட்டு மருந்து போட்டாள். அம்மா கண்ணைத் திறந்து நேராக நர்ஸின் சட்டையைப் பார்த்தாள்.

"இது நீலமா?"

"ஆமாம்மா, புளூதான்."

"இவ்ளோ நீலமாவா?"

நர்ஸ் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. கையை நீட்டி அந்தச் சட்டையின் ஓரத்தைப் பிடித்து, கடையில் துணியைப் பார்ப்பது போல விரலில் உருட்டினாள். அவள் கன்னத்தில் மருந்தும் கண்ணீரும் சேர்ந்து இறங்கின. "அழக்கூடாதும்மா, கண்ணுக்கு ஆவாது" என்று நர்ஸ் அதட்டினாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா கறுப்புக் கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். நான் திட்டினால் மாட்டிக்கொள்வாள், அடுத்த சிக்னலில் மறுபடி தூக்குவாள். வலது கண்ணை மூடினால் இடது கண்ணில் பழைய உலகம், டீத் தண்ணீர் நிறத்தில். இடது கண்ணை மூடினால் கழுவி வைத்த உலகம். ஒரே தலையில் இரண்டு ஊர். "வானம் ராமர் நீலம்டி" என்றாள். "அந்தப் பஸ்ஸு பாரு, கிளிப்பச்ச இல்ல, பாசிப்பச்ச. இந்தப் போஸ்டரு கத்திரிப்பூ. நான் மரக்கலருன்னு நெனச்சுக்கினு இருந்தேன்." பூக்கடைகளைத் தாண்டும்போது காரை நிறுத்தச் சொன்னாள். இறங்கவில்லை, வாங்கவில்லை. கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். பின்னால் ஆட்டோக்காரர் ஹார்ன் அடித்தார். நான் காரை எடுக்கவில்லை. எனக்கு அந்தப் பூக்கள் தினம் பார்க்கிற பூக்கள்தான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்த பிறகு நானும் அவற்றைப் பார்த்தேன். செவ்வந்தியின் மஞ்சள் எவ்வளவு மஞ்சள் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் வேறு கதை. சமையல்கட்டுச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு. மிக்ஸியின் மேல் அழுக்கு. "இந்த வூட்லயா நான் சமைச்சேன்? நீயாவது சொல்லக் கூடாதா?" பிறகு கண்ணாடி முன்னால் போய் நின்று வெகுநேரம் வெளியே வரவில்லை. "இவ்ளோ சுருக்கமாடி எனக்கு?" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

இடது கண்ணுக்கு ஒரு மாதம் கழித்துத் தேதி கொடுத்திருந்தார்கள். அம்மா அதைத் தள்ளிப்போட்டாள். கேட்டால், கடையில் கூட்டம், முகூர்த்த மாசம் என்பாள். மூன்றாவது தடவை நான் விடவில்லை.

"பயமாமா?"

"பயம் இல்ல. அந்தக் கண்ணு மட்டும் இன்னும் கொஞ்ச நாள் அப்பிடியே இருக்கட்டும்னு பாக்கறேன்."

எனக்குப் புரியவில்லை. அவள் சொன்னாள், "புதுக் கண்ணுல எல்லாம் கரெக்டா இருக்குதுடி. இந்தப் பழசுல எல்லாம் சாயங்காலமா இருக்குது. ரெண்டு வருசம் இதுலதான் பொழச்சேன். அதுவும் மோசம் இல்ல."

இடது கண் ஆபரேஷனுக்கு முதல்நாள் பகல் சாப்பாடு ஆனதும் என்னை வாசல்படியில் உட்காரச் சொன்னாள். எதிரில் உட்கார்ந்து வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"இன்னாமா பாக்கற?"

"இந்தக் கண்ணுல நீ மஞ்ச தேச்சுக் குளிச்ச மாரி இருக்க" என்றாள். கையை எடுத்துவிட்டு அடுத்த கண்ணால் பார்த்தாள். "இதுல கறுப்பு."

"அப்போ எது நானு?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். துணிக்குத் துணி வைத்துப் பார்க்கிற முகம். "ரெண்டுத்துலயும் மூக்கு ஒங்கப்பன் மூக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து, நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வேண்டிய பையைத் தேட ஆரம்பித்தாள்.